கரிவலம் திருப்பத்தில் மஞ்சள் கொடி

“ஏட்டி, ரோடு என்ன உங்கய்யா களமா? எம்புள்ள இடுப்பு முறிஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கான். இப்பமும் வாய் பேசுதியே.”

கனகலட்சுமி மதினியின் தொண்டை எங்கள் தெருவில் பிரசித்தம். எதிரே நின்றவள் உச்சிமாகாளி; கரிவலம்வந்தநல்லூர் ரோட்டோரம் அரை ஏக்கர் வைத்திருப்பவள். எனக்குச் சண்டை போடப் பிடிக்காது. பார்க்கப் பிடிக்கும். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன்.

“ரேஸு முடிஞ்சிட்டு, செடியப் பரப்புன்னு கொடி புடிச்ச இந்த அக்காதாம்மா சொல்லிச்சு” என்று உச்சிமாகாளி என்னைக் கைகாட்டினாள்.

மதினி அந்த அழுகையிலும் சிரித்துவிட்டாள். “கோமதியா? அவ மவனும் அதே ரோட்டுலதான வந்தான். பெத்தவ சொல்லுவாளா, கூறுகெட்டவளே.”

நான் மறுத்துப் பேசக்கூடத் தேவைப்படவில்லை.

மதினி மகன் மகாராஜனும் என் மகன் சுடலைமணியும் ஒரே டீமில் சம்பளத்துக்குப் பந்தயச் சைக்கிள் ஓட்டினார்கள். மோட்டார் பைக்கைவிட விலை கூடின சைக்கிள். இரண்டு விரலால் தூக்கிவிடலாம், அத்தனை லேசு. என் மகனுக்கு அதில் என்ன வேலை தெரியுமா? மகாராஜனுக்கு முன்னால் போய் எதிர்காற்றை வாங்கிக்கொள்வது. தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது. அவன் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் நிற்பது. கடைசிப் பதினைந்து கிலோமீட்டரில் அவன் இவனை விட்டுவிட்டுத் தனியாகப் பறந்து மாலை வாங்குவான். “ஒம் மவன் இல்லேன்னா எம் மவன் ஏது கோமதி” என்று மதினி நாலு பேர் முன்னால் சொல்லுவாள். தெரு அதைப் பெருந்தன்மை என்று நம்பியது.

போன வருஷம் மாசியில், அந்தச் சண்டைக்கு இரண்டு நாள் முந்தி, நம்ம ஊரிலேயே ஒருநாள் பந்தயம் வந்தது. சங்கரன்கோவிலில் கிளம்பி வாசுதேவநல்லூர், கரிவலம் சுற்றித் திரும்ப வேண்டும்; மூன்று சுற்று. எங்கள் பையன்களில் ஜெயிப்பவனை டீம் வெளிநாட்டுக்கு அனுப்பும். ஒருவனைத்தான். “மகாராஜன் போவாம்மா” என்றான் என் மகன், சந்தோஷமாக. அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

கரிவலம் திருப்பத்தில் மஞ்சள் கொடி பிடிக்க நானே பெயர் கொடுத்தேன். ரோட்டில் ஏதாவது கிடந்தால் ஆட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. உச்சிமாகாளி உளுந்தஞ்செடியை ஓரமாகக் குவித்து வைத்துக்கொண்டு, பந்தயம் முடிந்து பஸ்ஸும் லாரியும் ஏறி நெற்று உடைந்து உளுந்து உதிர வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் சுற்று போனதும் “முடிஞ்சிட்டு, பரப்பு” என்றேன். பாவம், சந்தோஷப்பட்டாள்.

மூன்றாம் சுற்றில் முன்னால் வழிகாட்டி வந்த கார் செடிமேல் ஏறிப் போயிற்று. டிரைவர் இந்தப் பக்கத்து ஆள், செடிமேல் ஓட்டிப் பழக்கம். பின்னால் மகாராஜன், நான் நினைத்தபடியே தனியாக. கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் ஒரு கையை எடுத்து ஆட்டினான். நல்ல பையன். காய்ந்த உளுந்தஞ்செடி மெல்லிசு டயருக்கு எண்ணெய் மாதிரி.

அரை நிமிஷம் கழித்து சுடலைமணி வந்தான். விழுந்தவனைப் பார்த்து ஒதுங்கிப் போய்விடுவான் என்பது என் எண்ணம். “போலே மக்கா, போ” என்றுகூடச் சொன்னேன். இறங்கிவிட்டான். மகாராஜனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். முகத்தை அல்ல, கக்கத்தை. பதினோரு பேர் ஓரமாக ஒதுங்கி எங்களைத் தாண்டிப் போனார்கள்.

அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை. பெற்றவள் மேலுள்ள பாசம் எங்கே போகும்.

உச்சிமாகாளி ஏச்சுத் தாங்காமல் அரை ஏக்கரையும் விற்றுவிட்டுக் குருவிகுளத்தில் மகள் வீட்டோடு போய்விட்டாள். மகாராஜனுக்கும், ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் ஹெலனுக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஊன்றுகோலோடு வந்தான். தெரு ஒரு மாதம் அதையே மென்றது, நானும்தான். மாப்பிள்ளைத் தோழனாக நின்றது என் மகன். இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறான். பொங்கலுக்குச் சைக்கிளோடு வருவான். மதினி வீட்டில்தான் தங்குவான். எங்கள் வீட்டு வாசற்படி கொஞ்சம் உயரம். சைக்கிளைத் தூக்கி வைக்கச் சிரமம், அதனால்தான்.