ராக்கெட்டுக்கு ஒரு பரீட்சை

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். அட்டைத் துண்டு ஒன்றை மடித்து அடியில் கொடுத்தால் ஆட்டம் நின்றுவிடும். மெக்கானிக் புத்தி, எங்கே உட்கார்ந்தாலும் எது ஆடுகிறது என்றுதான் முதலில் பார்க்கும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பைக் பட்டறை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. விபத்தில் சிக்கிய வண்டிகளை உங்கள் ஆட்கள் என் பட்டறைக்குப் பின்னால்தான் கொண்டுவந்து போடுவார்கள். அதில் பாதி இந்த ரேஸ் பைக்குகள். நசுங்கிய டேங்கையும் அதில் ஒட்டியிருப்பதையும் கழுவிவிட்டவன் நான். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வேன்: "இந்த வண்டி வாங்குறவனுக்குப் பொண்ணு குடுக்காதீங்க. ஒண்ணு திமிர் பிடிச்சவனா இருப்பான், இல்ல சாகத் துணிஞ்சவனா இருப்பான்." எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அப்படிப்பட்ட வண்டிக்காரன் ஒருவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று என் மகள் வந்து நின்றாள். தாயில்லாமல் நான் வளர்த்த ஒரே பெண்.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவன். தெருப் பிள்ளைகள் அவனுக்கு வைத்த பெயர் ராக்கெட். கிண்டல்தான், சார். சிவப்பு வண்டி, தடித்த ஜாக்கெட், அதற்கு மேல் சாலை போடுகிறவர்கள் மாட்டுவது போல மின்னுகிற மஞ்சள் மேல்சட்டை. இவ்வளவையும் மாட்டிக்கொண்டு தெருவில் நுழைந்தால், சைக்கிளில் பால் ஊற்றுகிறவர் அவனை முந்திப் போவார். ஆளில்லாத முனையிலும் இண்டிகேட்டர் போடுவான். "ராக்கெட் வருது, குழந்தைங்கள உள்ள கூப்பிடுங்க" என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

"உனக்கு எதுக்குப்பா இந்த வண்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சின்ன வயசுலேர்ந்து ஆசை மாமா. ஓட்டறதவிட நிறுத்தி வச்சுப் பாக்கத்தான் பிடிக்கும்" என்றான்.

நான் நம்பவில்லை. கல்யாணம் ஆகும்வரை பூனை மாதிரி இருப்பான், அதற்கப்புறம் என் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு முறுக்குவான் என்று நினைத்தேன். பட்டறைக்கு வருகிறவர்கள், "ஊருக்கெல்லாம் சொன்னீங்க, இப்ப உங்க வீட்டுக்கே வந்துடுச்சே" என்று சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சர்வீசுக்கு வண்டியை என்னிடம்தான் விட்டான். புது டயர் போட்டுக் கொடுத்தேன். ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தியும் வைத்தேன். மெதுவாகப் போகிறவனை அது ஒன்றும் செய்யாது. வேகம் கூடினால்தான் ஹேண்டில் உதறும், பிறகு கையில் நிற்காது. யோசித்துப் பாருங்கள், இதைவிட நியாயமாக ஒருவனைச் சோதிக்க முடியுமா? அவன் சொன்னது உண்மையென்றால் காலம் முழுக்க அந்த நட்டு அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். பொய்யென்றால் என் மகள் தப்பித்தாள். கல்யாணம் வரை அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அவளிடம் முன்பே சத்தியம் வாங்கியிருந்தேன்.

மறுநாளே வந்து நின்றான். "மாமா, பிரேக் பிடிக்கிறப்ப ஹேண்டில்ல லேசா ஒரு ஆட்டம் தெரியுது. கொஞ்சம் பாத்துடறீங்களா?"

மற்ற பையன்களாக இருந்தால் அந்த ஆட்டம் தெரிந்தே இருக்காது. நானும் குனிந்து முன்சக்கரத்தை அசைத்துப் பார்த்தேன். "புது டயர்ப்பா, கொஞ்சம் ஓடினா சரியாயிடும். எல்லாம் உன் பிரமை" என்றேன்.

"நீங்க சொன்னா சரி மாமா" என்று போய்விட்டான்.

வாரங்கள் போயின. வண்டி போனது, வந்தது, வேகம் மட்டும் கூடவே இல்லை. கல்யாணத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பரீட்சை எழுதாமலேயே ஒருவன் பாஸ் ஆகிவிடுவான் போலிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டேன். அவள் பதறிப்போனாள். தண்ணீர் கொடுத்தாள், முதுகைத் தடவினாள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள், அப்புறம் அவனைக் கூப்பிட்டாள். "அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். சீக்கிரம் வா, சீக்கிரம் வா" என்று போனிலேயே அழுதாள். மெதுவாக வரச் சொல்லும்மா என்று நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது, சொல்லவில்லை.

படுத்தபடியே காது கொடுத்துக் கேட்டேன். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த கியரில் வருகிறான், எவ்வளவு முறுக்கியிருக்கிறான் என்று சொல்லிவிடுவேன். பெரிய சாலைப் பக்கமிருந்து அந்தச் சத்தம் எழும்பியது. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதனிடம் ஒருமுறைகூடக் கேட்காத சத்தம். எனக்கு ஒரு நிம்மதி வந்தது, சார். பாலத்து வளைவில் அது சட்டென்று நின்றுபோனது. மகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துடுவான்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நெஞ்சு வலியா? இல்லை, சார். அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆஸ்பத்திரியில் வாயு என்றார்கள், நானும் ஆமாம் என்றேன்.

உங்கள் ஆட்கள் வண்டியைப் பார்த்ததுமே அதிவேகம் என்று எழுதி மூடிவிட்டார்கள். வழக்கம்போல என் பட்டறைக்கே அனுப்பினார்கள். கழுவினேன். நட்டையும் இறுக்கிவைத்தேன். யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். என் மகளுக்காக. அவள் சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவன் வேகமா போறவனே இல்லப்பா. நான்தான் சீக்கிரம் வான்னு சொல்லிக் கொன்னுட்டேன்" என்கிறாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் என் நெஞ்சைத் தடவி, "வலிக்குதாப்பா?" என்று கேட்கிறாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நட்டைத் தளர்த்தியது நான். வலி என்று பொய் சொன்னது நான். அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உங்கள் பேச்சை நம்புவாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன் மெதுவாகவே வந்திருக்கலாம். வேகமாகத்தானே வந்தான், சார்.