இன்னொரு எட்டு ஜிபி

எட்டு ஜிபி பத்தலையா, இல்ல உள்ள வேற ஏதாவது உக்காந்து தின்னுதா, அதைத்தானே பாத்துட்டிருக்கீங்க? பாருங்க தம்பி, நிதானமா பாருங்க. நான் குறுக்க வரலை. இந்த ஸ்டூல்ல இப்படி ஓரமா உக்காந்துக்கறேன்.

என் வீட்டுக்காரி மருந்துக்கடைக்குப் போயிருக்கா. தலைவலிக்கு மாத்திரை வாங்கிட்டு வான்னு நான்தான் அனுப்பினேன். நீங்க அவதான் கதவைத் திறப்பான்னு நினைச்சு வந்தீங்க, தெரியும். எனக்கு இன்னிக்கு லீவு.

கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாத்தான் ஓடுது, ஒத்துக்கறேன். ஏதாவது ஒண்ணைத் திறந்து வச்சுட்டுப் போய் துணி காயப்போட்டுட்டு வருவா, அப்பவும் அந்த வட்டம் சுத்திட்டேதான் இருக்கும். மெமரி கூட்டுங்க, மெமரி கூட்டுங்கன்னு மூணு மாசமா என் உயிரை எடுக்கறா. பொண்ணு வீட்டுப்பாடம் பாக்கறதுக்கு எதுக்குடி இன்னொரு எட்டு ஜிபின்னு கேட்டேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா.

அப்புறம்தான் திங்கக்கிழமை உங்களுக்கு எழுதினா, இல்ல? கேமரா பக்கத்துல பச்சை லைட் தானா எரியுது, மெமரி பத்தாததாலயான்னு. நீங்க என்ன பதில் போட்டீங்க? அதுக்கும் மெமரிக்கும் சம்பந்தம் இல்லைங்க, நேர்ல வந்து பாக்கறேன், அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லிக்காதீங்கன்னு. நல்லா எழுதறீங்க, ஒரு பிழை இல்லை.

சேச்சே, அவ எங்க காட்டினா? அவதான் படிச்ச கையோட அழிச்சுட்டாளே.

ஏன் தம்பி மவுஸ்லேர்ந்து கையை எடுத்துட்டீங்க? உள்ள ஓடற புரோகிராம் லிஸ்டை மூட வேணாம். மேலேர்ந்து மூணாவது. பிரிண்டர் உதவின்னு பேர் வச்சிருக்கேன். இந்த வீட்ல பிரிண்டரே இல்லை, அதை மட்டும் யோசிக்காம விட்டுட்டேன்.

ஆமா, நான்தான் போட்டேன். கட்டினவ என்ன பண்றா, யார்கூடப் பேசறான்னு தெரியாம எப்படிங்க ஆபீஸ்ல உக்காந்து வேலை பாக்கறது? மனசு கெடந்து அடிச்சுக்கும். இப்ப அந்தத் தொல்லை இல்லை. மத்தியானம் அவ சோபாவுல தூங்கறதைப் பாத்துக்கிட்டேதான் சாப்பிடறேன்.

அதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு. வேற ஊர்ல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கா தம்பி. பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடறதா பிளான். அவங்க அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். வந்து சேரச் சொல்லி மெயிலும் வந்துடுச்சு. அவ கண்ணுல படறதுக்குள்ள நான் எடுத்துட்டேன். அவங்க வேணாம்னுட்டாங்கன்னு நினைச்சு ரெண்டு நாள் அழுதா, பாவம். நான்தான் கண்ணைத் துடைச்சு விட்டேன்.

எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க. வேலை இன்னும் முடியலையே.

யோசிச்சுப் பாத்தா என் பேர்லதான் தப்பு. மெமரி வேணாம்னு அடம் பிடிச்சிருக்கக் கூடாது. மெஷின் திணறப் போய்த்தானே அவளுக்குச் சந்தேகம் வந்துச்சு, உங்களைக் கூப்பிட்டா? நம்ம பிரிண்டர் உதவிக்குத் தீனி போட்டது போக மிச்சமும் இருந்துட்டா, அவ ஏன் இன்னொருத்தரைத் தேடப் போறா? அதனால போட்டுடுங்க. பையில கொண்டாந்திருக்கீங்கல்ல? மாட்டுங்க. அவ வந்ததும், மெமரிதாங்க பத்தலை, அந்த லைட்டும் அதாலதான், வேற ஒண்ணும் இல்லைன்னு அவ முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுக் கிளம்புங்க.

பொய் சொல்ல வராதா? வரும் தம்பி. எனக்கும் மொதல்ல வரலை.

பாத்து, ஸ்க்ரூ கீழ விழுந்துடுச்சு.

கேட் சத்தம் கேக்குது, வந்துட்டா போல. நெத்தியைத் துடைச்சுக்குங்க. ஆங், சொல்ல மறந்துட்டேன். புதன்கிழமை ஒருத்தர் பென் டிரைவ் திறக்க மாட்டேங்குதுன்னு உங்க கடைக்கு வந்தாரே, நீங்களும் யாரு என்னன்னு கேக்காம உங்க மெஷின்லயே சொருகிப் பாத்தீங்களே? எங்க ஆபீஸ் கார் டிரைவர்தான் அவர். மத்தியானத்துல கடையை உங்க வீட்டுக்காரம்மா பாத்துக்கறாங்க போல. யாரும் இல்லாதப்ப நல்லாப் பாடறாங்க. அந்த மெஷினும் ரெண்டு மூணு நாளா மந்தமாத்தான் இருக்கும், அதுக்கும் ஒரு எட்டு ஜிபி போட்டுக்குங்க.