பொன்னாடையைத் திருப்பித் தரும் ஏற்புரை

கண்ணியமே கதிரை போட்டு அமர்ந்தாற்போல் நடுவில் வீற்றிருக்கும் தலைவர் இளையதம்பி ஐயா அவர்களே! அவருக்கு வலமும் இடமுமாக, என்னைத் திருத்திய பெருமையில் ஆளுக்கொரு பங்கு கேட்டு அமர்ந்திருக்கும் சான்றோர்களே! வயலை விட்டு வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே! முதல் வரிசையை அலங்கரித்தபடியே கைபேசியில் கிரிக்கெட் பார்க்கும் அண்ணன்மார்களே! உங்கள் எல்லோருக்கும் தாட்சாயினியின் தாழ்மையான வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. நீங்கள் போர்த்திய பொன்னாடையைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன். அவமதிப்பு அல்ல. சரிகை கழுத்தில் கடிக்கிறது. சரிகை கடித்தால் எனக்குத் தமிழ் வராது.

சற்று முன் தலைவர் வாசித்த வாழ்த்துமடலை நானும் கேட்டேன். ‘விளையாட்டு மாயையை வென்ற வீராங்கனையே’ என்றது. ‘கணினிச் சிறையின் கதவுடைத்த காரிகையே’ என்றது. என்ன சந்தம்! என்ன சொல்லடுக்கு! அதில் ஒரேயொரு குறை. சொன்னது எதுவும் நடக்கவில்லை. நான் விளையாட்டை விடவில்லை. இன்றைக்கு மத்தியானமும் ஒரு மணித்தியாலம் விளையாடிவிட்டுத்தான் வந்தேன்.

தலைவர் தண்ணீர் குடிக்கிறார். ஆறுதலாகக் குடியுங்கோ ஐயா, பேச்சு இன்னும் இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் விளையாடுவது பஸ் ஓட்டும் விளையாட்டு. மேசையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் மாலை போட்டு வைத்திருக்கிறீர்களே, அது என் ஸ்ரியரிங் சக்கரம். அருகில் இருப்பது என் மடிக்கணினி. தபாலகத்தில் கடிதம் பிரித்து நான் எடுத்த சம்பளத்தில் வாங்கியவை. இவற்றை நம் சனசமூக நிலையத்து அலுமாரியில் வைத்துப் பூட்டுவதும், இனித் தொடமாட்டேன் என்று நான் சத்தியம் செய்வதும் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாக இருக்கின்றன. என்னைக் கேட்டு எழுதிய நிரல் அல்ல அது.

இந்த அற்புதம் எப்படி நிகழ்ந்தது? இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டு அன்னபாக்கியம் மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார். “பிள்ளை, உன்ரை பஸ்ஸின்ரை ஹோர்ண் சத்தத்திலை எனக்கு நாடகம் ஒண்டும் விளங்குதில்லை.” நியாயமான முறைப்பாடு. அடுத்த நாளே கிளிநொச்சி ரவுணுக்குப் போய் ஜெமீல் நானாவின் கடையில் காதில் மாட்டும் ஹெட்போன் வாங்கினேன். அன்றிலிருந்து என் அறையிலிருந்து சத்தம் வெளியே வரவில்லை.

சத்தம் நின்றதும் ஊர் என்ன செய்தது? கதவைத் தட்டிப் பார்த்ததா? ‘பிள்ளை, என்ன செய்யிறாய்’ என்று ஒரு வார்த்தை கேட்டதா? இல்லை! கூட்டம் கூட்டியது!

“நான் குடுத்த ரெண்டு மணித்தியாலப் புத்திமதிதான் வேலை செய்தது” என்றார் தலைவர். “நான் மந்திரிச்சுக் குடுத்த நூல்” என்றார் மாமி. அம்மா வைத்த நேர்த்திக்குக் கோவிலில் பொங்கலும் பொங்கியாகிவிட்டது. பொங்கல் நல்லாய் இருந்தது. நானும் இரண்டு தரம் சாப்பிட்டேன்.

ஜெமீல் நானா, பின்னுக்கு நிக்கிறீங்கள்தானே? நான் உங்களிட்டை என்ன வாங்கினனான்?

கேட்டீர்களா? “ஹெட்போன் தங்கச்சி, கறுப்பு. ஒரு வருச வாரண்டியும் இருக்கு” என்கிறார். சபையோரே, என் ‘பிணி’ தீர்ந்ததற்கு ஒரு வருட உத்தரவாதம் இருக்கிறது!

மாமி, கோவிக்காதேங்கோ. நீங்கள் ஆறு நாடகங்களில் எவள் எவருடைய மருமகள் என்று பிசகாமல் சொல்வீர்கள். அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. தலைவர் ஐயாவிடம் எந்த வருடத்தைக் கேட்டாலும் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார். அதற்குப் பெயர் அனுபவம். நான் நாற்பத்திரண்டு பஸ் வழிகளின் தரிப்பிடங்களை வரிசையாகச் சொன்னால் மட்டும் அதற்குப் பெயர் நோய் வருத்தமா? எனக்கு ஓட்டிசம் இருக்கிறது. அப்படி இருப்பவர்கள் பலருக்கு ஒரு விடயத்தில் மனம் முழுதாக ஊன்றிவிடும் என்று மருத்துவர் சொன்னார். அதைப் பிடுங்கி எறியச் சொல்லி அவர் ஒரு மருந்துத் துண்டும் எழுதித் தரவில்லை.

‘இதாலை என்ன பிரயோசனம்’ என்று ஒரு குரல் வருகிறது. நன்றி அண்ணா. யாரும் கேட்காமல் விட்டுவிடுவீர்களோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

நான் என்ன சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். விளையாடி விளையாடி நாளைக்கு உண்மையான பஸ் ஓட்டி ஊருக்குப் பெயர் எடுத்துத் தருவேன் என்று சொல்லலாம். மாட்டேன். உண்மையான பஸ்ஸின் நெரிசலும் பாட்டுச் சத்தமும் எனக்கு ஒத்துவராது. விளையாடினால் மனம் ஆறுகிறது என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அதற்காகவும் நான் விளையாடுவதில்லை.

அங்கே ஒரு மலைப்பாதை. மழை பெய்யும். தரிப்பிடத்தில் ஒருவர் குடையோடு நிற்பார். சரியாக ஏழு நாற்பதுக்கு நான் கதவைத் திறப்பேன். அவர் ஏறுவார். ‘ஏன் என்ரை கண்ணைப் பாத்துக் கதைக்கிறாயில்லை’ என்று கேட்கமாட்டார். ஒரு நிமிடமும் பிந்தாமல் அடுத்த தரிப்பிடத்துக்குப் போய்ச் சேரும்போது நெஞ்சு நிறைந்து என் இரண்டு கைகளும் தாமாகப் படபடவென்று அடிக்கும். கதவிடுக்கால் அதைக் கண்டுதான் அம்மா பயந்து கோவிலுக்கு ஓடினார். அம்மா, அது வலிப்பு இல்லை. பேய் பிசாசும் இல்லை. சந்தோசம் அம்மா. எனக்குச் சந்தோசம் வந்தால் அது கையால்தான் வெளியே வரும்.

சபையோரே, திருவிழாவில் தவில் அடிக்கும்போது பிரயோசனம் கேட்டோமா? பட்டம் ஏறும்போது பிரயோசனம் கேட்டோமா? மடியில் கிடக்கும் குழந்தை சிரிக்கும்போது, ‘ஏன் சிரிக்கிறாய், எதற்குச் சிரிக்கிறாய், சிரித்து என்ன கண்டாய்’ என்று கேட்டோமா? பிறகு ஏன் என்னுடைய சந்தோசம் மட்டும் நற்சான்றிதழோடு வாசலில் நிற்க வேண்டும்? ஏன் என்னுடைய சந்தோசம் மட்டும் அலுமாரிக்குள் போக வேண்டும்? போகாது! ஏழாவது நிகழ்ச்சி நடக்காது! நான் சத்தியம் செய்யமாட்டேன்!

தலைவர் எழுந்து வந்து என் காதுக்குள் சொல்கிறார். “பிள்ளை, சனம் பாக்குது. இப்ப சும்மா ஒருக்காச் சத்தியம் பண்ணிவிடு. பிறகு வீட்டை போய் விளையாடன், ஆர் பாக்கிறது?”

ஐயா, மைக் வேலை செய்கிறது. நீங்கள் பொய்ச் சத்தியம் செய்யச் சொன்னது முரசுமோட்டைச் சந்திவரை கேட்டிருக்கும். எனக்குப் பொய் வராது ஐயா. வந்திருந்தால் இந்தப் பொன்னாடையோடு எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பேன்.

பொறுங்கள். அம்மா எழுந்து வருகிறார். மேடைக்கு வருகிறார். என் அம்மா இரஞ்சிதம் இதற்கு முன் மேடை ஏறியதே இல்லை. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள், இந்தப் பொருட்களை இங்கே கொண்டுவந்து கொடுத்தது அம்மாதான். அம்மா, அழுறீங்களா? எனக்கு முகத்தைப் பார்த்து விளங்குறேல்லை, வாயால் சொல்லுங்கோ.

“இவ்வளவு காலமும் உனக்கு ஏதோ செய்யுதெண்டுதான் பிள்ளை நினைச்சனான். ஒருநாளும் கேக்கேல்லை. வா, வீட்டை போவம்.”

சபையோரே, அம்மா மாலையைக் கழற்றித் தலைவரின் கையில் கொடுத்துவிட்டார். ஸ்ரியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். தலைவர் மறிக்கவில்லை.

ஆகவே, பந்தல் போட்ட கைகளுக்கும், ஒலிபெருக்கி பூட்டிய தம்பிமாருக்கும், நடக்காத ஒன்றுக்காக இவ்வளவு அழகாகப் பாட்டெழுதிய புலவருக்கும், என்னை இடையில் இறக்காமல் கேட்டிருந்த உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம். அம்மா படி இறங்கிவிட்டார். மடிக்கணினியை நான் தூக்க வேண்டும்.