எட்டு மணிச் சண்டை

ரோண்டா: ...அப்புறம் மெத்தைக் கடைக்காரர் போன் பண்ணினார். இன்னிக்கு அவரோட விளம்பரம் வேண்டாமாம்.

வெண்டெல்: இன்னிக்குமா? நம்ம ரேடியோ நிகழ்ச்சியே இன்னியோட முடியுது, ரோண்டா.

ரோண்டா: அதனாலதானாம். கடைசி நாள்னு நீ வாய்க்கு வந்ததைப் பேசுவியாம். அதுக்கு நடுவுல அவர் மெத்தை பேரு வரக் கூடாதாம்.

வெண்டெல்: அடப்பாவி... என் பேச்சைக் கேட்டுட்டுத் தூக்கம் வராமப் புரண்டவங்கதானே அவர்கிட்டப் போய் மெத்தை வாங்கினாங்க.

ரோண்டா: சிரிக்க வைக்காதே. காலையிலேர்ந்து அழாம இருக்கறதே பெரிய விஷயம்.

வெண்டெல்: சரி, அந்த இடத்துல எதைப் போடப் போறே?

ரோண்டா: ரத்த தான முகாம் அறிவிப்பு. இலவசமாப் போடறது அது ஒண்ணுதான் மிச்சம்.

வெண்டெல்: பொருத்தமாத்தான் இருக்கு. நம்ம உடம்புல இருந்த ரத்தம் எப்பவோ போயாச்சு... திங்கக்கிழமை யார் வந்து இந்த நாற்காலியில உக்காரப் போறாங்க?

ரோண்டா: யாரும் இல்ல. விளையாட்டு நிகழ்ச்சி எல்லாம் டல்லஸ்லேர்ந்து வரும். இங்க ஒரு மெஷின் மட்டும் ஓடிட்டிருக்கும். நாற்காலியைக் கூட எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டாங்க.

வெண்டெல்: உன்னை வெச்சுக்கறாங்கல்ல?

ரோண்டா: வெச்சுக்கறாங்க. ஹாக்கிக்கு விளம்பரம் பிடிக்கறது சுலபம், வெண்டெல். நம்ம ஊர் டீம் தோத்துப் போனா யாரும் டயர் கடைக்காரர்கிட்ட வந்து சண்டை போட மாட்டாங்க.

வெண்டெல்: என் வாயாலதானே விளம்பரக்காரங்க எல்லாரும் போனாங்க. அதைத்தானே சொல்ல வரே?

ரோண்டா: நான் எதுவும் சொல்லல... வானிலை முடியுது. மைக் விளக்கு எரியப் போகுது. பேசு.

வெண்டெல்: காலை வணக்கம், டுலூத் மக்களே. இரும்பு மலை ஊர்களுக்கும், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கும் வணக்கம். நான் வெண்டெல் காரினியெமி. மான் வேட்டைக்குப் போறவங்க ஆரஞ்சுச் சட்டை போடாம காட்டுக்குள்ள போகாதீங்க. இந்த நிலையத்துல நம்ம பேச்சு இன்னிக்கு ஒரு நாள்தான். சொல்ல நினைச்சதை எல்லாம் இன்னிக்கே சொல்லிடுங்க. ஒரு பாட்டு போடறேன். கேட்டுட்டு வாங்க.

ரோண்டா: 'சொல்ல நினைச்சதை எல்லாம் சொல்லிடுங்க'... இதை நீ சொல்றே.

வெண்டெல்: ஏன், என்னவாம்?

ரோண்டா: புதுசா வர தாமிரச் சுரங்க விஷயத்துல நான் எவ்வளவு கெஞ்சினேன்? ஒரு வாரம் சும்மா இரு, தொழிற்சங்கத்தோட விளம்பர ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், அப்புறம் என்ன வேணா பேசுன்னு.

வெண்டெல்: கெஞ்சினே.

ரோண்டா: மறுநாள் காலையிலயே பேசினே. சுரங்கக் கழிவு ஏரியில கலக்கும்னே. சங்கத்துல பாதிப் பேர் அந்த வேலைக்காகக் காத்துக்கிட்டிருந்தாங்க. மத்தியானத்துக்குள்ள சங்கம் போச்சு. அவங்க பின்னாடியே படகுக் கடை, டயர் கடை...

வெண்டெல்: நான் சொன்னது தப்பா?

ரோண்டா: தப்புன்னு யார் சொன்னா? நானும் அந்தத் தண்ணியைத்தான் குடிக்கறேன். அதை விக்க முடியல. அவ்வளவுதான்.

வெண்டெல்: அந்த வலதுசாரி நிலையம் மட்டும் எப்படி விக்குது? அந்த ஆள் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நம்மளை மாதிரி இடதுசாரிங்க நாட்டைப் பாதி விழுங்கியாச்சு, மீதியையும் விழுங்கப் போறாங்கன்னு கத்தறான். அவனுக்கு மட்டும் விளம்பரம் குவியுது.

ரோண்டா: அவன் பேச்சைக் கேக்கறவங்க பயந்து போய் ஜெனரேட்டர் வாங்கறாங்க, தங்கம் வாங்கறாங்க. நம்மளைக் கேக்கறவங்க கோவப்பட்டுப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதறாங்க.

வெண்டெல்: நல்ல ஜனங்க, ரோண்டா.

ரோண்டா: தங்கமான ஜனங்க. லைப்ரரியில வேலை பாக்கறவங்க, ரிட்டயர் ஆன டீச்சருங்க. பழைய கார், பழைய கோட்டு. புதுசா எதையும் வாங்கறதில்லைன்னு ஒரு கொள்கை வேற. அவங்களைக் காட்டி நான் யார்கிட்டப் போய் பனி வண்டி விளம்பரம் கேக்கறது, சொல்லு?

வெண்டெல்: எட்டு மணி மட்டும் வித்துச்சு.

ரோண்டா: ...ஆமா. எட்டு மணி வித்துச்சு.

வெண்டெல்: நான் தனியாப் பேசினா ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. மெர்ல் போன்ல வந்து என்னைத் திட்ட ஆரம்பிச்சான் பாரு... வேலைக்கு வந்தவங்க கார்லேர்ந்து இறங்காம உக்காந்து கேட்டாங்க. கப்பல் துறையில சங்கு ஊதின பிறகும் ஒருத்தனும் உள்ள போகலையாம். மேனேஜர் எனக்கே போன் பண்ணித் திட்டினாரு.

ரோண்டா: வெண்டெல்... இன்னிக்கு அவனை எடுக்காதே.

வெண்டெல்: யாரை?

ரோண்டா: மெர்லை.

வெண்டெல்: விளையாடறியா? எட்டு மணிக்கு மெர்ல் வரலைன்னா ஊர்ல பாதிப் பேர் அவன் செத்துட்டான்னு நினைப்பாங்க.

ரோண்டா: நினைக்கட்டும். அவன் பேச்சு முன்னாடி மாதிரி இல்ல. முதல்ல ஒரு குறும்பு இருந்துச்சு. நீயும் அடிப்பே, அவனும் அடிப்பான், கடைசியில ரெண்டு பேரும் சிரிச்சுட்டுப் போனை வெப்பீங்க. இப்போ... டீச்சருங்களை எல்லாம் துரோகிங்கன்னு சொன்னானே, அன்னிக்கு ஏன் நீ லைனைத் துண்டிக்கல?

வெண்டெல்: அந்த நேரத்துக்கு டோனட் கடை விளம்பரம்...

ரோண்டா: டோனட் கடை என் கவலை. நீ ஏன் துண்டிக்கல?

வெண்டெல்: ...துண்டிச்சிருக்கணும்.

ரோண்டா: எனக்காக ஒரே ஒரு நாள், வெண்டெல். இதுவரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்ல.

வெண்டெல்: இப்பதானே சுரங்கத்துக்குக் கெஞ்சினேன்னு சொன்னே?

ரோண்டா: அதைத் தவிர.

வெண்டெல்: பாட்டு முடியுது... ரெண்டாவது லைன்ல விளக்கு மினுக்குது பாரு.

ரோண்டா: வேண்டாம்னு சொன்னேன்ல...

வெண்டெல்: வெளிய குளிர்ல கார்ல உக்காந்து காத்துக்கிட்டிருப்பாங்க, ரோண்டா. அவங்களை எப்படி ஏமாத்தறது... எட்டு மணி, நேயர்களே. ரெண்டாவது லைன்ல யாருன்னு நான் சொல்ல வேண்டாம். ஏரிக்கரை மெர்ல், வா.

மெர்ல்: காலை வணக்கம், வெண்டெல்.

வெண்டெல்: வணக்கமா? 'பொய்க்காரா'ன்னுதானே எப்பவும் ஆரம்பிப்பே?

மெர்ல்: இன்னிக்குத் தொண்டை சரியில்ல.

வெண்டெல்: நாங்க கடையை மூடறோம். நீ ஜெயிச்சுட்டே. கொண்டாட வேண்டாமா?

மெர்ல்: ஜெயிச்சேனா... தூண்டில் கடைக்கு மேல ஒரு ரூம்ல இருக்கேன். கீழேருந்து மீன் நாத்தம் வருது. டப்பா சூப்பைச் சுட வெச்சுட்டு உன்கிட்டப் பேசறேன். ஜெயிச்சவன் இப்படியா இருப்பான்?

வெண்டெல்: வீட்டை விட்டு... எப்போ வந்தே?

மெர்ல்: வசந்தத்துல, ஏரியில பனி உடைஞ்ச சமயம். ரொம்ப நாளா வீட்ல ஒருத்தர் ரேடியோவைப் போட்டா இன்னொருத்தர் அணைப்போம். அப்புறம் ரேடியோ இல்லாமலே ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் எழுந்து போக ஆரம்பிச்சோம்.

வெண்டெல்: மெர்ல், இதெல்லாம் இங்க...

மெர்ல்: குறுக்க பேசாதே. இத்தனை வருஷம் நீ குறுக்க பேசினது போதும். நான் திட்டறதுக்குக் கூப்பிடல. திங்கக்கிழமை எட்டு மணிக்கு நான் என்ன செய்யறதுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்.

வெண்டெல்: ...எனக்கும் தெரியல, மெர்ல்.

மெர்ல்: நினைச்சேன்... அப்புறம் ஒண்ணு. குளிர் இறங்குது. வீட்டுக்குப் பின்பக்கம், வடக்கு பாத்த குழாய் இருந்தா துணியைச் சுத்தி வெக்கணும். இல்லேன்னா தண்ணி உறைஞ்சு வெடிச்சுடும். அதை எப்பவும் நான்தான்... எல்லாருக்கும் பொதுவாத்தான் சொல்றேன்.

வெண்டெல்: பொதுவா... சரி. நேயர்களே, ரத்த தான முகாம் பத்தி ஒரு அறிவிப்பு. மெர்ல், லைன்லயே இரு.

ரோண்டா: லைன்ல இருக்கானா?

வெண்டெல்: இருக்கான். நாம பேசறது அவனுக்குக் கேக்காது.

ரோண்டா: அவன் சொன்னானே, ஒரு குழாய்... அது என் வீட்டுக் குழாய்.

வெண்டெல்: ரோண்டா, உக்காரு.

ரோண்டா: நின்னுட்டே சொல்றேன். அது க்ளென். என் புருஷன். ஏழு வருஷமா தினமும் உன்னைத் திட்டினது என் வீட்டு மனுஷன். கிறிஸ்துமஸ் விருந்துல நீ எத்தனை தடவை அவனைப் பாத்திருக்கே. கூட்டத்துல நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச மாட்டான். அதனால குரலை வெச்சு உனக்குத் தெரியாதுன்னு நானும் தைரியமா இருந்துட்டேன். முதல் நாள் கார்ல போயிட்டிருந்தேன். அவன் குரல் காதுல விழுந்ததும் வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். ராத்திரி சாப்பாட்டுல கேட்டா, 'எனக்கு எப்பவும் இப்படித்தான் தோணும், உன்கிட்ட சொன்னதில்ல'ன்னான். தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னான்.

வெண்டெல்: என்கிட்ட ஏன் சொல்லல?

ரோண்டா: எப்படிச் சொல்றது? உன் நிகழ்ச்சியால சம்பளம் வாங்கற வீட்லேருந்தே உனக்குத் திட்டு வருதுன்னா? அது கூடப் பரவாயில்ல. நான் நம்பறதை எல்லாம் அவன் காலால மிதிச்சான். அந்த நேரத்தை நானே கடை கடையா ஏறி வித்தேன். 'எட்டு மணிக்குப் போடுங்க, அப்போதான் கேக்கறாங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே வித்தேன்.

வெண்டெல்: நீ ஒண்ணும் தப்பு செய்யல. கேளு... அறிவிப்பு முடியப் போகுது, நான் லைனை வெச்சுடறேன். நிகழ்ச்சி முடியட்டும். முதல்ல நான் உன்கிட்ட ஒண்ணு பேசணும்.

ரோண்டா: வெக்காதே. நான் பேசறேன்.

வெண்டெல்: இப்போ வேண்டாம், ரோண்டா. சொன்னாக் கேளு.

ரோண்டா: ஒரு பாட்டைப் போடு. இருக்கறதுலயே நீளமானதா. ஸ்பீக்கரையும் போடு... க்ளென்.

க்ளென்: ...ரோண்டா? ஊருக்கே கேக்குதா?

ரோண்டா: ஊருக்குப் பாட்டு கேக்குது. இங்க வெண்டெலும் நானும்தான். குழாய்க்கு அப்பவே சுத்திட்டேன். பழைய ஸ்வெட்டரைக் கிழிச்சு.

க்ளென்: என்னோடதா?

ரோண்டா: உன்னோடதுதான். பச்சை.

க்ளென்: நல்லது. கம்பளிதான் தாங்கும்.

ரோண்டா: ஏன் க்ளென்? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். இரும்புச் சுரங்கத்துல வேலைநிறுத்தம் நடந்தப்போ பனியில நின்னு எல்லாருக்கும் காப்பி ஊத்தினவன் நீ. அப்போதானே உன்னைப் பாத்தேன். அந்த ஆள் எப்படி ஒரு நாள் காலையில எழுந்து மெர்ல் ஆனான்?

க்ளென்: ...அவன் உன்கிட்ட சொல்லலையா?

ரோண்டா: யாரு? என்னத்தை?

க்ளென்: வெண்டெல், இத்தனை நாள்ல நீ அவகிட்ட சொல்லவே இல்லையா?

வெண்டெல்: இல்ல... நீயே சொல்லு.

க்ளென்: ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஏரி உறைஞ்சிருந்த சமயம், ரோண்டா. பனி மேல உக்காந்து மீன் பிடிக்கற என் குடிசைக்கு வெண்டெல் வந்தான். 'எல்லாரும் ஒரே பக்கமாப் பேசறோம், யாரும் கேக்கல, வசந்தத்துக்குள்ள மூடிடுவாங்க, முதல்ல ரோண்டா வேலைதான் போகும்'னான். எதிர்த்துப் பேச ஒரு ஆள் வேணும், ஒரே ஒரு மாசம்னான். பேரை மாத்திக்கச் சொன்னான். உனக்குத் தெரியக் கூடாதுன்னான்... உனக்குப் பொய்யைச் சுமந்துக்கிட்டுக் கடை ஏற வராதுன்னு.

ரோண்டா: வெண்டெல்... இவ்வளவு நேரம் நான் இங்க நின்னு...

வெண்டெல்: ஒரு மாசத்துல நிறுத்தியிருக்கணும். விளம்பரம் வர ஆரம்பிச்சுது. நானும் நிறுத்தச் சொல்லல.

ரோண்டா: நீ பேசாதே. க்ளென், அப்போ எல்லாம் நடிப்பா? டீச்சருங்களைச் சொன்னியே... எங்க அக்கா டீச்சர். அன்னிக்கு சர்ச்ல அவ உன் பக்கத்துல உக்காராம எழுந்து போனா. அதுவும் நடிப்புதானா? நடிப்புன்னு சொல்லிடு, க்ளென். இப்பவே காரை எடுத்துட்டு வரேன். பெட்டியைக் கட்டி வை. அக்காகிட்ட நான் பேசிக்கறேன்.

க்ளென்: முதல் குளிர்காலம் நடிப்புதான், ரோண்டா. மறுநாள் என்ன சொல்லலாம்னு பட்டறையில யோசிச்சுக்கிட்டே இருப்பேன், ஒரு விளையாட்டு மாதிரி. அப்புறம் காப்பிக் கடையில பக்கத்து மேஜைக்காரங்க, மெர்ல் சொல்றது சரி, நம்ம மனசுல இருக்கறதை அவன்தான் சொல்றான்னு பேசிப்பாங்க. மெர்ல் பக்கத்துலயே உக்காந்திருக்கான்னு அவங்களுக்குத் தெரியாது. அதுவரைக்கும் நான் சொன்னது சரின்னு யாரும் சொன்னதில்ல... நீ கூட. எந்த நாள்லேருந்து மெர்ல் சொல்றதை நானே நம்ப ஆரம்பிச்சேன்னு எனக்குத் தெரியல. வீட்டுக்கு வரணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா நடிப்புன்னு இப்போ உன்கிட்ட சொன்னா, அதுதான் பொய்.