கிணற்று வழக்கின் கடைசி வாய்தா

மதியம், அடி அண்ணாமலை போகும் டவுன் பஸ். தூறலில் மலை பாதி மேகமாகத் தெரிந்தது. கோர்ட் நிறுத்தத்தில் ஏறிய விவசாயிகள் இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவர் தூக்கக் கலக்கத்தோடு சொன்னார்:

"ராத்திரி கனவுல நம்ம கேசு முடிஞ்சிடுச்சு மாமா. கெணத்துல தண்ணி தளும்பிக்கினு நிக்குது."

"யாரு ஜெயிச்சது?"

"அதுக்குள்ள முழிப்பு வந்துடுச்சு."

"கனவுலயும் வாய்தா வாங்குறியேடா!"

இருவரும் சிரித்தார்கள். ஒரே கிணற்றுக்காக ஒருவரை எதிர்த்து ஒருவர் வழக்காடுகிறவர்கள் என்பது அடுத்த பேச்சில்தான் எனக்குப் புரிந்தது.

"பதினாலு வருஷமா உன்கூடத்தான் இந்த பஸ்ல வரேன். என் பொண்டாட்டியோடகூட இவ்ளோ தூரம் போனதில்ல" என்றார் பெரியவர்.

"பழைய கேசுங்கள எல்லாம் சீக்கிரம் முடிக்கணும்னு மேல உத்தரவாம். இனிமே வாய்தாவே கெடையாதுன்னு ஜட்ஜய்யா சொல்லிட்டாரே. புதன்கிழமை தீர்ப்பு."

"நீ ஜெயிச்சா என் மல்லாட்டைச் செடி தண்ணியில்லாம காஞ்சிடும்டா."

"நீங்க ஜெயிச்சா என்னுது காஞ்சிடும்."

சன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் மெல்ல இறங்கின. பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டியது.

"புதன்கிழமை எந்த பஸ்ஸு மாமா?"

"எப்பவும் போல எட்டரைதான். உனக்கு எடம் போட்டு வைக்கிறேன்."

"திரும்பி வர்றப்போ?"

பெரியவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு ரெண்டு பஸ்ஸு இருக்குதுல்ல" என்றார்.