எனக்குப் பின்னாடி யாரும் வரக் கூடாது

இல்ல சார், நீங்க முன்னாடி நடங்க. மரியாதைக்காகச் சொல்லல, என் உத்தியோகமே அதுதான். இந்தக் கூட்டத்துல எனக்குப் பின்னாடி ஒருத்தரும் இருக்கக் கூடாது. எட்டு பேர் கிளம்பினா எட்டு முதுகும் என் கண்ணுக்குத் தெரியணும். முகம் தேவையில்ல. ஆறு வருஷமா இதே வேலை, வந்து போனவங்கள்ல பாதி பேர வழியில பாத்தா எனக்கு அடையாளம் தெரியாது. திரும்பி நின்னா சொல்லிடுவேன். உங்க முதுகு போன வருஷம் இருந்ததுக்கு இப்ப பாதிதான் இருக்கு. நல்லா எளைச்சிருக்கீங்க.

ஒரு நிமிஷம். அந்த ஷூ லேஸ் தளர்ந்த மாதிரி தெரியுது. எதுக்கும் அவுத்துக் கட்டிருங்க. ரெண்டையுமே கட்டிருங்க, ஒண்ண மட்டும் இறுக்கினா இன்னொண்ணு தளர்வாத் தோணும். நான் இந்தப் பாறையில இப்படி உக்காந்துக்கறேன்.

மணி பன்னெண்டாகப் பத்து நிமிஷம். நேரம் இருக்கு. அதோ மேல கல்லக் குவிச்சு வெச்சிருக்காங்க பாருங்க, ஒரு மணிக்குள்ள அங்க போயிட்டா அப்புறம் உச்சிக்குப் பத்து நிமிஷம், குழந்தை கூட நடக்கும். ஒரு மணி தாண்டிட்டா எங்க நிக்கறோமோ அங்கேருந்தே கீழ. மத்தியானத்துக்கு மேல மேகம் இறங்கிரும், நீட்டின கை தெரியாது. என் மச்சினன் போட்ட விதியிலேயே உருப்படியானது அது ஒண்ணுதான்.

ஆமா, சிவப்புக் குல்லா போட்டுக்கிட்டு முன்னாடி போறானே, அவன்தான். என் சம்சாரத்தோட தம்பி. கம்பெனி அவனோடது. மூணு நாள் மலை, ரெண்டு நாள் காட்டாறு, மறக்க முடியாத அனுபவம்னு நோட்டீஸ் போட்டிருக்கான். மறக்கறதும் மறக்காததும் வர்றவங்க பாடு, அதுக்கு நீ எப்படிடா பொறுப்பேத்துக்குவேன்னு கேட்டேன். உச்சியோட உயரத்தையும் பன்னெண்டு மீட்டர் கூட்டிப் போட்டிருக்கான். கொடிக்கம்பத்தையும் சேத்துட்டான் போல. அதையும் சொன்னேன். அன்னிலேருந்து நோட்டீஸ என் கண்ணுல காட்டறதே இல்ல.

நான் இந்த வேலைக்கு முன்னாடி அச்சகத்துல பிழை திருத்தறவன். இருபத்திரெண்டு வருஷம். அகராதி, ரயில் கால அட்டவணை, அப்புறம் மருந்து டப்பாக்குள்ள எட்டா மடிச்சு ஒரு தாளு வைப்பாங்களே, அது. அத முழுசாப் படிச்ச மனுஷன் நான் ஒருத்தன்தான்னு நெனைக்கறேன். படிச்சதோட பலன், எந்த மாத்திரையும் தொண்டையில இறங்காது. அச்சகத்த மூடினதும் சம்சாரம் தம்பிகிட்டச் சொன்னா. தப்பு கண்டுபிடிச்சே பழகின ஆளு, பின்னாடி வரட்டும்னான். யோசிச்சா இதுவும் அதே வேலைதான். எல்லாரும் தாண்டிப் போன இடத்த நான் ஒருத்தன் நின்னு பாக்கணும். யாரு தண்ணி பாட்டில விட்டுட்டுப் போனாங்க, யாரு காலு இழுக்குது, யாரு இழுக்காத மாதிரி நடக்கறாங்க.

சரி, கட்டியாச்சா. நடங்க. கொஞ்சம் மெதுவா.

உங்களுக்குக் கோபம் இருக்கறது தெரியுது. காலையில நீங்க மச்சினன்கிட்டப் பேசினது என் காதுல விழுந்துச்சு. நான் பொண்ணோட முன்னாடி போறேன், டாக்டர் சீட்டு கூட வெச்சிருக்கேன்னீங்க. அவன் நோட்டப் புரட்டிக் காட்டினான். போன வருஷம், இதே வழி, மூச்சு வாங்குது, உதடு நீலம், மேல போறதுக்குத் தெம்பு இல்ல, திருப்பி அனுப்பப்பட்டார். கீழ என் கையெழுத்து. அப்படி ஒரு குறிப்பு விழுந்துட்டா அடுத்த தடவ அந்த ஆளு என் கூடத்தான் நடக்கணும். அதுவும் விதி. ஒருத்தர் திரும்பினா அவரக் கூட்டிக்கிட்டு நானும் திரும்பிடணும், மத்தவங்க மேல போவாங்க. கடைசி ஆளு தனியாத் திரும்ப வழியே கிடையாது. திரும்பறதுக்கு யாராவது வேணும்.

உங்க பொண்ணு நேத்து சாப்பிடும்போது எல்லாத்தையும் சொல்லிச்சு. கீழ இறங்கின அன்னிக்கே சிகரெட்ட நிறுத்திட்டீங்களாம். ஆபீசுக்குப் பதினோரு மாடி, லிஃப்ட்டையே தொடறதில்லையாம், சாப்பாட்டு நேரத்துல இன்னொரு தடவ ஏறுவீங்களாம். காவல்காரர் மொதல்ல சந்தேகப்பட்டாராம். அப்புறம் அந்தப் போட்டோ. உச்சியில எல்லாரும் நிக்கறாங்க, நீங்க இல்ல. அத ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கீங்க. வர்றவங்க நீங்க எங்கேன்னு கேட்டா, நான்தானே படம் எடுத்தேன்னு சொல்றீங்களாம். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சு. அப்புறம் எந்திரிச்சு, கழுவின தட்டையே மறுபடியும் போய்க் கழுவிட்டு வந்துச்சு. அடுத்த மாசம் வேலைக்கு வெளிநாடு போகுதாமே. இனிமே உங்க ரெண்டு பேருக்கும் எப்ப ஒரே நேரத்துல லீவு கிடைக்கப் போகுது.

நில்லுங்க, இங்கேருந்து ஆறு நல்லாத் தெரியும். இத விட்டா அப்புறம் மறைஞ்சிரும். நான் உக்காந்தே பாக்கறேன்.

அந்த வெள்ளையா நுரைக்கிற இடம் இருக்கே, நாளன்னிக்கு அங்கதான் ரப்பர் படகு இறங்கும். என்னை அந்தப் பக்கம் போடுடான்னு மச்சினன்கிட்ட ரெண்டு வருஷமாக் கேக்கறேன். உக்காந்துக்கிட்டே பாக்கற வேலை. ஒரு நாள் போட்டுப் பாத்தான். படகுல ஒத்தைச் சொல்லுதான் சொல்லணுமாம். முன்னால, பின்னால, நிறுத்து. காரணம் சொல்லாம ஒருத்தர எப்படி ஏவறது. இடது பக்கம் நீரோட்டம் அதிகமா இருக்கறதால வலது பக்கம் உக்காந்திருக்கறவங்க தயவு செஞ்சு, அப்படின்னு ஆரம்பிச்சேன். வாக்கியம் முடியறதுக்குள்ள பாறை வந்துருச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நாலு பேர் நனைஞ்சாங்க, அவ்வளவுதான். நனையறதுக்குத்தானே வந்தாங்க.

தெரியுது சார், பன்னெண்டு இருவது. கிளம்பலாம். கிளம்பறதுக்கு முன்னாடி அந்த சாக்ஸக் கழட்டிக் காட்டுங்க. குதிகால்ல கொப்புளம் ஏதாவது. இல்லையா. நிச்சயமா? தண்ணியாவது குடிங்க. உக்காந்து குடிச்சா நல்லது.

வேணாமா. சரி, நடங்க.

விசில் கேக்குதா. மச்சினன் மேல கல்லுக்குவியல்கிட்ட நின்னுட்டான், நம்மளத்தான் கேக்கறான். நான் பதிலுக்கு ஒரு தடவ ஊதினா நல்லா வர்றோம்னு அர்த்தம். மூணு தடவ ஊதினா ஆளுக்கு முடியல, திரும்பறோம். அவ்வளவுதான், ஏன் எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. என் வார்த்தைதான்.

இல்ல சார், ஊதல. சும்மாக் கையில புடிச்சிருக்கேன். என்னை அப்படிப் பாக்காதீங்க.

அவன் பக்கத்துல நீலச் சட்டை, உங்க பொண்ணுதானே. கைய ஆட்டுது. நீங்களும் ஆட்டுங்க.

உங்களுக்கு மூச்சு வாங்கல. காலையிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் வர்றேன். இந்த ஏத்தத்துல ஏதோ பாட்டு வேற முணுமுணுக்கறீங்க, சுதிதான் சேரல. ஷூ லேஸும் நல்லாத்தான் இருந்துச்சு. ஆறு இன்னும் அரை மணி நேரத்துக்குத் தெரியும், இதோ இப்பக்கூடத் தெரியுது.

முழங்கால் சார். வலது. ஏறும்போது பல்லக் கடிச்சுக்கலாம். திடீர்னு பூட்டிக்கிட்டா மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. பேன்ட்டத் தூக்கிக் காட்டுவேன், பாக்க நல்லாருக்காது. வீட்டுல மாடிப்படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மச்சினன்கிட்டச் சொல்லல. சொன்னா ஈர லைஃப் ஜாக்கெட்டக் காயப் போடற வேலை குடுப்பான், அதுவும் அவங்க அக்கா மூஞ்சிக்காக. எனக்கு மேல வர்றது பிடிக்கும். அதான்.

இங்கேயே உக்காந்துக்கறேன். கொஞ்சம் என் பையிலேருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்துக் குடுங்க. குளிருக்கு மை உறைஞ்சு போச்சு, இருங்க, ஊதிக்கறேன். ம், எழுதுது.

இந்தாங்க, மச்சினன் கையில குடுத்துருங்க. ஆளு, கடைசியில நடப்பவர். காரணம், வலது முழங்கால். மேல போறதுக்குத் தெம்பு இல்ல. கீழ என் கையெழுத்து. முதல் தடவையாக் கையெழுத்தும் ஆளும் ஒண்ணு.

தனியா எப்படிப் போறதுன்னு யோசிக்காதீங்க. இங்கேருந்து கல்லுக்குவியல் வரைக்கும் ஒரு மறைப்பு கிடையாது. உங்க முதுகு கடைசி வரைக்கும் என் கண்ணுல இருக்கும், எனக்குப் பின்னாடியும் யாரும் இல்ல. விதியில எதுவும் மீறல. மணி பன்னெண்டு முப்பத்தஞ்சு. உங்க நடைக்கு இருவது நிமிஷம் தாராளம். நான் ஒரு தடவ ஊதறேன், நீங்க கிளம்புங்க. இறங்கும்போது யாராவது தோள் குடுத்தாப் போதும்.

என்ன சார், ரெண்டு தாளா இருக்கேன்னு பாக்கறீங்களா. ரெண்டாவது, போன வருஷக் குறிப்புக்கு ஒரு திருத்தம். அன்னிக்கு மூச்சு வாங்கினது, தெம்பு இல்லாமப் போனது, திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது, எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேன். பேரு மட்டும் மாத்திப் போட்டுட்டேன். உதட்டு விஷயம் நானாச் சேத்தது. நீங்களும் கண்ணாடி கேக்கல.

முன்னாடி பாத்து நடங்க சார். அந்தக் கல்லு வழுக்கும்.