கனத்த கம்பி

— கையை எடுடி. சுடுதுன்னா விடேன். வந்ததும் வராததுமா சுவரைத் தடவிக்கிட்டு.

— சுவிட்ச் போர்டு இப்படியா சுடும், அக்கா? இங்க பாரு, பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாயிருக்கு. கருகின வாடை மூக்கைத் துளைக்குது.

— கொஞ்ச நாளா வருது. ஹீட்டரைப் போட்டா கூடும். அம்மாவுக்குக் குளிருதே, என்ன பண்ணச் சொல்ற?

— ஹீட்டரும் மூச்சு மெஷினும் ஒரே லைன்லயா? இந்த இழுப்புக்கு ஃப்யூஸ் போயிருக்கணுமே.

— போய்க்கிட்டேதான் இருந்தது. போனா மெஷின் நிக்கும், அம்மா திணறுவாங்க. அதான் செம்புக் கம்பியை நாலா முறுக்கிப் போட்டேன். அப்புறம் ஒரு தடவைகூடப் போகல.

— பெருமை வேறயா? வீடு எரியறதுக்கு முன்னாடி தான் எரிஞ்சு கரண்ட்டை நிறுத்தத்தான் ஃப்யூஸ்ல மெல்லிசுக் கம்பி. அது எரியலைன்னா சுவத்துக்குள்ள ஒயர் எரியும். எரிஞ்சுக்கிட்டிருக்கு. தள்ளு, மெயினை இறக்கறேன்.

— தொட்டியோ, கையை முறிச்சிடுவேன். உள்ள அம்மா மூச்சு அதுலதான் ஓடுது. அத்தி பூத்தாப்புல வந்து எட்டிப் பாக்கறவளுக்கு என்ன தெரியும்?

— ஒண்ணும் தெரியாது, சரி. ஹீட்டரைப் பிடுங்கிட்டேன். எதிர் வீட்டுக்குப் போன் பண்ணியாச்சு, கதவைத் திறந்து வெச்சிருக்காங்க. மெஷினை அந்த வீட்டுக்காரர் வந்து தூக்கிக்கறாராம். அம்மாவை நாற்காலியோட நாம தூக்குவோம்.

— அங்க போற வரைக்கும் மூச்சுக்கு?

— அம்மா கொஞ்ச நேரம் தாங்குவாங்க. சுவர் தாங்காது.

— சரி... நீ போய் இறக்கு.

— இறக்கிட்டேன். பயப்படாதேம்மா, எதிர் வீட்டுக்குத்தான். என் கழுத்தைக் கட்டிக்கோ. அக்கா, உன் பக்கம் படி, பாத்து.

— அவளை... திட்டாதேடி, சின்னவளே.

— நீ பேசாதேம்மா, மூச்சு வாங்கும். ஃப்யூஸ்ல கயிறு மாதிரி கம்பியைப் போட்டவளைக் கொஞ்சவா சொல்ற?

— போடச் சொன்னது... நான்தான்.

— அம்மா, அது இப்ப எதுக்கும்மா? என் தங்கச்சிகிட்ட வேண்டாம்.

— கடைசியா ஃப்யூஸ் போனப்ப... உன் அக்கா டார்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டு கதவுகிட்டயே நின்னா. கிட்ட வரல, ஃப்யூஸைப் போடவும் போகல. நான் திணறினதைப் பாத்துக்கிட்டே நின்னா... இன்னொரு தடவை என் பொண்ணு அப்படி நிக்கறதை என்னால பாக்க முடியாதுன்னுதான் சொன்னேன்.